சத்தமா, சூடா?

புதுக்குடியிருப்பு
09.02.2025

அன்புள்ள தம்பி கிருசாந்தனுக்கு,

முதுகு நோ எப்படி? நாள் முழுக்கக் குனிந்திருந்து லப்டொப்புக்கு ஆணி கழற்றுகிறவனுக்கு எண்ணெய் பூசிவிட வவுனியாவில் ஆரும் இல்லை. அதற்கென்றாலும் ஒரு கலியாணம் கட்டு என்று எழுதினால் நீ பதில் போட மாட்டாய், ஆகவே எழுதவில்லை. இங்கே நான், அத்தான், தேனுகா மூன்று பேரும் சுகம். என் காது பழையபடிதான். மழைக்கு இடது காதில் கொஞ்சம் நீர் வடிந்தது, நின்றுவிட்டது.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது! உங்கள் ஊர் அச்சகம் ஒன்று, கையால் எழுதின புத்தகங்களைத் தமிழில் அடித்துக் கொடுக்க ஆள் தேடியது. கிளிநொச்சியில் நாங்கள் படித்த கொம்பியூட்டர் வகுப்பின் சான்றிதழை அனுப்பினேன். இடம்பெயர்ந்த இடமெல்லாம் சட்டைக்குள் வைத்துக் காவின அதே தாள்தான். சோதனைக்கு நாலு பக்கம் தந்தார்கள், ஒரு பிழையும் இல்லையாம். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவார்களாம். வீட்டிலிருந்தே செய்யலாம்.

காது தேவைப்படாத வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறதென்று எனக்கு நாற்பது வயதில்தான் தெரிகிறது தம்பி. தையல் ஆலையில் மூன்றாம் நாளே, "மணியடிச்சால் உமக்குக் கேக்காது, நெருப்புப் பத்தினால் நாங்கள் என்ன செய்யிறது?" என்று வீட்டுக்கு அனுப்பினார்களே. வெளியில் வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்று அழுதேன், உனக்குச் சொல்லவில்லை.

இப்போது லப்டொப் ஒன்று என் கையில் இருக்க வேண்டும். புதுசு வேண்டாம், கட்டாது. வங்கி, கந்தோர்க்காரர் பாவித்த உறுதியான சாதி ஒன்று பார். இங்கத்தைய வெயிலில் கொதிக்கக்கூடாது, சத்தமும் போடக்கூடாது. செவிடிக்கு எதுக்குச் சத்தத்தைப் பற்றிக் கவலை என்று சிரிக்காதே. எனக்குக் கேட்காதபடியால்தான் கேட்கிறேன். அது கத்தினாலும் நான் அறியேன், அதே மேசையில் தேனுகா படிக்கிறவள்.

வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஒரு பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவாய். முகாமில் நீ ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம் இருந்தபோது பழகின கடிதம்தான் எனக்குச் சரி.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா தாட்சாயினி

* * *

வவுனியா
21.02.2025

அன்பின் அக்காவுக்கு,

கடைக்குள் நின்றே உங்கள் கடிதத்தை வாசித்துப் பெரிதாய்ச் சிரித்துவிட்டேன். முதலாளி லாபிர் நானா, "என்ன தம்பி, லொத்தர் ஏதும் விழுந்திட்டா?" என்றார். விசயத்தைச் சொன்னதும் தானே போய் எல்லோருக்கும் தேத்தண்ணியோடு கடிக்கப் பற்றிஸ் வாங்கிவந்தார். முதுகு அப்படியேதான். கலியாணத்தைப் பற்றி எழுதவில்லை என்று சொல்லியே எழுதிவிட்டீர்கள்.

இனித் தொழில் கதை. கடைக்கு வருகிறவர்கள் முதலில் நிறத்தைப் பார்ப்பார்கள், பிறகு தூக்கிப் பாரத்தைப் பார்ப்பார்கள். அரை மணித்தியாலம் வேலை கொடுத்துவிட்டு அடியில் கைவைத்துப் பார்க்கிற ஆளை நான் இன்னும் காணவில்லை. உள்ளே பான் என்று ஒரு சின்னக் காற்றாடி இருக்கிறது. வேலை கூடச் சூடு கூடும், சூடு கூட அந்தப் பான் வேகமாய்ச் சுழன்று அதை வெளியே தள்ளும். ஆகவே சத்தம் வேண்டாமென்றால் சூட்டைப் பொறுக்க வேண்டும், சூடு வேண்டாமென்றால் சத்தத்தைப் பொறுக்க வேண்டும். இரண்டும் இல்லாதது கொழும்புக் கடையில் இருக்கிறது, அதை நாங்கள் கண்ணாடிக்கு வெளியில் நின்று பார்க்கலாம்.

நாங்கள் படித்த அந்த அறை ஞாபகம் இருக்கிறதா? சமாதான காலத்துக் கிளிநொச்சி. ஆறு கொம்பியூட்டர், ஆளுக்கு ஒரு மணித்தியாலம், ஒவ்வொன்றும் அரிசி ஆலை மாதிரிக் கத்தும். மாரியில் நீங்கள் நனைந்த குடையைக் கொண்டுபோய் மூன்றாம் பெட்டிக்குப் பின்னால் விரித்து வைப்பீர்கள், சூட்டில் காயட்டும் என்று. சேர் உங்களை ஏசுவார், நான் சிரிப்பேன், எனக்கும் விழும். வெளியில் ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் அத்தான். அப்போது அத்தான் இல்லை, ஜெனரேற்றர் போடுகிற ராசு அண்ணை.

லாபிர் நானா கிழமைக்கு ஒருதரம் முல்லைத்தீவுக்கு வான் ஓடுகிறவர். வருகிற வியாழன் வெள்ளி நிற மெல்லியது ஒன்று கொடுத்து விடுகிறேன். ஒரு கிழமை பாவித்துவிட்டு எழுதுங்கோ.

அத்தானையும் மருமகளையும் கேட்டதாகச் சொல்லுங்கோ.
கிரு

* * *

புதுக்குடியிருப்பு
10.03.2025

அன்புத் தம்பிக்கு,

சுகமா? இங்கே வெயில் தொடங்கிவிட்டது, மற்றப்படி சுகம்.

உன் வெள்ளிச் சாமான் பார்க்க மாப்பிள்ளை மாதிரி வந்தது, ஒரு கிழமையில் சாயம் போய்விட்டது. மூடியைத் திறக்கும்போது அப்பளம் மாதிரி வளைகிறது. கீபோர்ட்டின் நடுவில் 'ன'வும் 'க'வும் அடிக்கக் குழி விழுகிறது. இருபது பக்கம் அடித்தவுடன் இடது உள்ளங்கை சுடுகிறது. நாடா போட்டுக் கைப்பிடித் துணியைச் சுற்றிக்கொண்டு அடித்துப் பார்த்தேன், தேனுகா "அம்மா, பானை இறக்கப் போறீங்களோ?" என்று கேட்கிறாள். சத்தம் இல்லையாம், அது மட்டும் நல்லது. வானில் திருப்பி அனுப்புகிறேன். நானாவுக்குக் கோபமென்றால் நான் பேசினதாகச் சொல்லாதே.

குடைக் கதையை ஏன் எழுதினாய்? ஒரு நாள் முழுக்க அதே நினைவு. அத்தானுக்கும் வாசித்துக் காட்டினேன். சிரித்தார். ஜெனரேற்றர் எப்போது நிற்கப் போகிறதென்று இரண்டு நிமிடத்துக்கு முன்னமே காதால் அறிந்து, யன்னலடிக்கு வந்து "பிள்ளையள், சேவ் பண்ணுங்கோ!" என்று கத்துவார், நினைவிருக்கா? எல்லோருக்கும் பொதுவாய்த்தான் கத்துவார், பார்ப்பது மூன்றாம் பெட்டியை. நான் விரலை நிறுத்தாமல் அடிக்கிறதைப் பார்க்கத்தான் வாறவராம், கலியாணம் கட்டின பிறகுதான் சொன்னார். அந்தக் குரல் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது தம்பி. என்னிடம் இருப்பது அவருடைய இருபத்தாறு இருபத்தேழு வயதுக் குரல், அதற்குப் பிறகு குரல் மாறியிருந்தால் எனக்குத் தெரியாது.

உறுதியானதாய், கை சுடாததாய் ஒன்று அனுப்பு.
அக்கா

* * *

வவுனியா
19.03.2025

அன்பின் அக்காவுக்கு,

சுகம். நானாவுக்குக் கோபம் இல்லை, "அக்கா சொன்னது சரிதான், நான் அதை வாங்கினதே பிழை" என்றார்.

இந்த முறை கறுப்பு. தடிப்பு, பாரம், வடிவு மருந்துக்கும் இல்லை. ஏதோ வங்கியில் ஏழு வருடம் உழைத்துவிட்டு வந்தது. மூடியின் ஒரு மூலையில் பிடித்துத் தூக்கினாலும் வளையாது, பிணைச்சல் இரும்பு. தேத்தண்ணி ஊற்றுப்பட்டாலும் கீழால் வடிந்துபோக ஓட்டை விட்டிருக்கிறான். நானே கழற்றித் தூசி தட்டி, உள்ளே சூட்டை வாங்குகிற பசையைப் புதுசாய்ப் பூசியிருக்கிறேன். கை சுடாது, அதற்கு நான் பொறுப்பு. பான் கொஞ்சம் சத்தம் போடும். பெரிய சத்தம் இல்லை, மெல்லிசாய் ஒரே சீராய்க் கேட்டுக்கொண்டிருக்கும். பம்ப் திருத்துகிற வீட்டில் அது ஒரு சத்தமே இல்லை.

மெத்தையில் வைத்துப் பாவியாதேங்கோ, காற்றுப் போகிற வழி அடைபடும்.
கிரு

* * *

புதுக்குடியிருப்பு
08.04.2025

அன்புத் தம்பிக்கு,

நீ நல்லாயிருப்பாய்! வேறென்ன எழுத?

இதுதான் லப்டொப். விரலை வைத்தால் கீபோர்ட் விரலுக்குப் பதில் சொல்கிறது. முந்நூறு பக்கக் கையெழுத்து ஒன்றை, நாயாற்றுக் கடல்தொழிலைப் பற்றி ஒரு இளைப்பாறின ஆசிரியர் எழுதினதை, பதினாறு நாளில் முடித்துக் கொடுத்தேன். அச்சகத்தில் நம்பவில்லையாம். பத்தொன்பது வயதில் அடித்த வேகம் அப்படியே விரலுக்குள் இருந்திருக்கிறது தம்பி, எனக்குத்தான் தெரியவில்லை. அடிக்கும்போது மூன்றாம் பெட்டிக்கு முன்னால் இருக்கிற மாதிரியே இருக்கிறது. கையில் சூடு இல்லை. சத்தத்தைப் பற்றித் தேனுகாவைக் கேட்டேன். "சும்மா மெல்லிய சத்தம்தான் அம்மா, ரியூசன் கொட்டிலிலை இதைவிடக் கூட" என்றாள்.

அத்தானுக்கு வேலை கூட. பகலில் வீட்டுக்குள் இருப்பது குறைவு.

முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. சித்திரை வருடப்பிறப்புக்கு வருவாய்தானே?
அக்கா

* * *

புதுக்குடியிருப்பு
06.05.2025

தம்பிக்கு,

வருடப்பிறப்புக்கும் நீ வரவில்லை, கடிதமும் இல்லை. கடையில் வேலை என்று நினைத்துக்கொள்கிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

ஆரிடமும் சொல்ல ஆளில்லாமல் எழுதுகிறேன். அத்தானுக்கு நான் இந்த வேலை செய்வது பிடிக்கவில்லை. வாயால் சொல்லவில்லை. நான் லப்டொப்பைத் திறந்து அடிக்கத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் எழும்பி வெளியே போய்விடுகிறார். முதலில் தற்செயல் என்று நினைத்தேன், இப்போது ஒவ்வொரு நாளும். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கோப்பையோடு எழும்பிப் போகிறார். நான் மூடி வைத்தபின்தான் உள்ளே வருவார்.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. முற்றத்து வேலைக் கொட்டிலுக்குள் போய்த் திருத்தி முடிந்த பம்ப் ஒன்றை இழுத்துப் போட்டு, தண்ணீரும் இல்லாமல் குழாயும் இல்லாமல் சும்மா ஓடவிட்டு, அதற்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறார். எண்ணெய் வீண். பக்கத்து வீட்டு ஜெகதீஸ்வரி அக்கா வேலியடிக்கு வந்து, "என்ன தாட்சா, உம்மடை மனுசனுக்கு என்ன பிடிச்சிருக்கு? மத்தியானத்திலை ஒரு கண் நித்திரை கொள்ள ஏலாமல் கிடக்கு" என்று கையை ஆட்டி ஆட்டிக் கேட்கிறா. எனக்குக் கேட்காதென்று தெரிந்தும் ஆருக்குக் காட்டுகிறார் அந்தச் சத்தத்தை?

கேட்டேன். முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக்கொண்டு என்னவோ சொன்னார். முகத்தைத் திருப்பினால் எனக்கு மனுசன் ஊமை, அது அவருக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் என்னோடு அப்படிக் கதைத்ததில்லை. எப்போதும் முன்னால் வந்து நின்று, உதட்டை நான் பார்க்கக் கூடியதாய்ச் சொல்லுகிற மனிதர்.

நான் அடிக்கிறதைப் பார்க்க யன்னலடிக்கு வந்த ஆள்தானே தம்பி இது? இரவிரவாய் யோசித்தேன். ஓகஸ்டில் நிரந்தரமாக்குகிறதற்கு முன்னம் வேலையை விட்டுவிடலாமா என்று பார்க்கிறேன். வேலை போனால் அழுதுபோட்டு இருந்துவிடுவேன். அவர் இல்லாமல் எனக்கு ஏலாது.

அக்கா

* * *

வவுனியா
12.05.2025

அக்காவுக்கு,

காய்ச்சலாய்க் கிடந்தேன், இப்போது சுகம். அதுதான் எழுதவில்லை.

உங்கள் கடிதம் கிடைத்தது. வேலையை விடப் போறீங்களோ? விசர்க் கதை கதையாதேங்கோ! பதினாறு வருடம் அடுப்படிக்குள் இருந்துவிட்டு இப்போதுதான் நாலு பேர் உங்கள் பெயரைச் சொல்லுகிறார்கள். அது பொறுக்கவில்லை உங்கள் மனுசனுக்கு. பெண்சாதி உழைத்தால் தன்னுடைய மீசை உதிர்ந்துபோகும் என்று நினைக்கிறார். ஊர் ஆம்பிளைகள் எல்லோரும் ஒன்றுதான், எங்கள் அத்தான் மட்டும் வேறு என்று நான் முட்டாள்தனமாய் நம்பியிருந்தேன். செவிட்டுப் பெண்சாதிக்கு முகத்தைத் திருப்பிக் கதைக்கிறவனுக்கு என்ன பெயர்? எனக்கு வாயில் வருகுது, நீங்கள் வாசிப்பீர்கள் என்றபடியால் எழுதாமல் விடுகிறேன்.

வேலையை விடக்கூடாது. இது என் முடிவு.
கிருசாந்தன்

* * *

புதுக்குடியிருப்பு
02.06.2025

கிருவுக்கு,

நான் ராசு அத்தான் எழுதிறன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழையிருந்தால் பொறுத்துக்கொள். உன்ரை காய்ச்சல் சுகம் எண்டு நினைக்கிறன்.

நீ அக்காவுக்கு எழுதினதைத் தபால்காரன் கொட்டிலிலை என்னட்டைத் தந்திட்டுப் போனவன். எப்பவும் அவளுக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறனான். அண்டைக்கு உறை ஒட்டுப்படாமல் கிடந்தது, வாசிச்சுப் போட்டன். அது பிழை. பிறகு ஒட்டிக் குடுத்தனான். மூண்டு கிழமையாய் உனக்கு எழுதுவமோ விடுவமோ எண்டு யோசிச்சு இண்டைக்குத்தான் பேனை எடுத்தனான்.

அவள் உழைக்கிறது எனக்குப் பிடிக்கேல்லை எண்டு நினைக்காதை. முருகன் அறிய அப்பிடியில்லை. அவள் அடிக்கிறதைப் பாக்க எனக்கு இப்பவும் ஆசை. அந்தக் கறுப்புப் பெட்டிதான் எனக்கு ஏலாமல் கிடக்கு. அதின்ரை பான். பம்ப், லான்ட்மாஸ்ரர் உழவு மெசின், ஆலை எல்லாச் சத்தத்துக்கையும் நான் நித்திரை கொள்ளுவன். இது அப்பிடியில்லை. மெல்லிசாய்த் தொடங்குது, ஒரே சீராய் நிக்குது, போகுது எண்டு பாத்தால் போகாது, திரும்பவும் கொஞ்சம் கூடுது. வண்டுச் சத்தம் கிரு. கடைசிச் சண்டைக்கை மேலை ஆளில்லாமல் சுத்துமே வேவு பிளேன், அந்த வண்டு. அது வந்து சுத்தினால் பிறகு என்ன விழும் எண்டு உனக்கும் தெரியும்.

முதல் நாள் சோத்துக் கோப்பையோடை முத்தத்துக்கு ஓடி வானத்தைப் பாத்தனான். வெக்கக்கேடு. லப்டொப் எண்டு புத்திக்குத் தெரியும், கால் கேக்குதில்லை. பம்பைப் போட்டால் அந்தச் சத்தம் அமந்து போகும், அதுதான் போடுறனான்.

அக்காவுக்குச் சொல்லிப்போடாதை. ஊருக்கு எஞ்சின் திருத்திறவன் ஒரு சின்னக் காத்தாடிக்கு ஓடுறான் எண்டு அவளுக்குத் தெரிய வேண்டாம். வேறையும் காரணம் இருக்கு, அது கிடக்கட்டும். அந்தப் பானைக் கழட்டி விடலாமோ? எஞ்சினெண்டால் நான் கழட்டிப்போடுவன், இது எனக்குப் பிடிபடாது. அவளை மட்டும் வேலையை விட விடாதை.

அத்தான் ராசு

* * *

வவுனியா
09.06.2025

அத்தானுக்கு,

இதை நானா உங்கள் கையில்தான் தருவார். வாசித்துவிட்டுக் கிழித்துப்போடுங்கோ.

நீங்கள் வாசித்த கடிதத்தை எழுதின கையை வெட்ட வேண்டும். மன்னியுங்கோ அத்தான். நானும் அந்தச் சத்தத்தைக் கேட்டவன்தானே, நாள் முழுக்க இந்தப் பான்களுக்குள் இருந்துகொண்டு எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. நீங்கள் எழுதின பிறகு நேற்று ஒன்றைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தேன். எழும்பி வெளியில் போய் நின்றேன்.

பானைக் கழற்றினால் அந்தக் கறுப்புப் பெட்டி பத்து நிமிடத்தில் சூடேறித் தானே நின்றுபோகும். பானே இல்லாத சாதி ஒன்று இருக்கிறது, சின்னது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்று செய்தது. ஒரு சத்தமும் வராது. அக்காவுக்கு ஏதாவது சாட்டுச் சொல்லி மாற்றுகிறேன். ஆனால் ஒன்று, நீங்களே சொன்னால் நல்லது. அவ என்ன நினைத்து அழுகிறா என்று உங்களுக்குத் தெரியும்.

கிரு

* * *

வவுனியா
11.06.2025

அன்பின் அக்காவுக்கு,

சுகமா? முன்னைய கடிதத்தில் அத்தானைப் பற்றிக் கண்டபடி எழுதிவிட்டேன். காய்ச்சல் மூளை. அதைக் கிழித்து அடுப்புக்குள் போடுங்கோ.

அந்தக் கறுப்பு லப்டொப்பில் ஒரு வில்லங்கம். அந்த வருடத்தில் வந்ததுகளின் பற்றரி ஊதுகிறதாம், கவனம் என்கிறார்கள். உங்களுக்கு வேறொன்று வைத்திருக்கிறேன். சாம்பல் நிறம், சின்னது, உள்ளே பான் கிடையாது. கொஞ்சம் மெதுவாய்த்தான் ஓடும். அடியில் சூடு வரும், கை பொறுக்கும். உறுதியானது, பிள்ளைகள் போட்டு உடைக்காமல் இருக்கச் செய்தது. வியாழன் மாற்றிவிடுவோம்.

கிரு

* * *

புதுக்குடியிருப்பு
23.06.2025

தம்பிக்கு,

சுகம். பொய் சொல்ல உனக்கு இன்னும் வராது. பற்றரி ஊதினால் பற்றரியை மாற்று, லப்டொப்பை ஏன் மாற்ற வேண்டும்? அத்தானுக்குப் பிடிக்காத பெட்டியை எடுத்துவிட்டு, மெதுவாய் ஓடுகிற ஒன்றைத் தந்து என் வேலையைக் குறைக்கப் பார்க்கிறீர்கள் இரண்டு பேரும். நானா போன கிழமை கொட்டிலுக்குள் அத்தானிடம் ஒரு கடதாசி கொடுத்ததைக் குசினி யன்னலால் பார்த்தேன். காதுதான் இல்லை, கண் இருக்கிறது.

கறுப்பைத் தர மாட்டேன். அச்சகம் இரண்டாவது புத்தகமும் தந்துவிட்டது. வேலையை விடுகிறதென்றால் நானே விடுவேன், ஆரும் சூழ்ச்சி செய்ய வேண்டாம். வியாழன் வான் சும்மா போகட்டும்.

அக்கா

* * *

புதுக்குடியிருப்பு
20.07.2025

என் அன்புத் தம்பிக்கு,

போன கடிதத்தில் உன்னை ஏசினதற்கு முதலில் என்னை ஏசு. முதுகு எப்படி? எனக்கு உடம்பு சுகம், மனமும் சுகம்.

எழுதாமல் இருந்த நாளில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது புத்தகத்தில் படங்கள் கூட, திறக்கவே பெட்டி திணறும். ஒரு பத்து மணியளவில் அத்தான் கதிரையில் இருந்து கார்பரேற்றர் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மூடியைத் திறந்தேன், அப்படியே இருந்தார். அடித்தேன், இருந்தார். படங்கள் உள்ள பக்கத்தைத் திறந்தேன். மணிக்கட்டுக்குக் கீழே மேசைப் பலகை மெல்லமாய் நடுங்கத் தொடங்கியது, உள்ளே பான் வேகம் பிடித்துவிட்டது. அத்தான் கார்பரேற்றரைக் கீழே வைத்துவிட்டு எழும்பினார்.

மறுநாளும் பார்த்தேன். சும்மா அடித்துக்கொண்டிருந்தால் இருக்கிறார், பலகை நடுங்கினால் எழும்புகிறார். மூன்றாம் நாள் நான் ஒரு எழுத்தும் அடிக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு படப் பக்கத்தை மட்டும் திறந்துவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுங்கியது. எழும்பினார். வாசலைத் தாண்டினதும் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார் தம்பி.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நானும் கேட்டவள்தானே? ஷெல்லடியில் காது போவதற்கு முதல் எனக்குக் கடைசியாய்க் கேட்ட சத்தங்களில் அதுவும் ஒன்று. மூன்று மாதத்துக்கு மேலாய் அந்தச் சத்தத்தை நானே என் கையால் இந்த வீட்டுக்குள் போட்டுவிட்டு, மனுசனுக்கு என்னில் எரிச்சல் என்று நினைத்து அழுதிருக்கிறேன். என்னைப் போல ஒரு விசரி இருப்பாளா?

கொட்டிலுக்குப் போனேன். பம்பை நிறுத்தினேன். அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்து கேட்டேன், "வண்டோ?"

என்னை நேரே பார்த்தார். "ஆர் சொன்னது? கிருவோ?"

"ஒருதரும் சொல்லேல்லை. மேசை சொன்னது. ஏன் எனக்குச் சொல்லேல்லை? வெக்கமோ?"

"வெக்கமும்தான்" என்றார். நான் அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைத் திருப்பவில்லை. ஒவ்வொரு சொல்லாய், எனக்கு விளங்கும்படி சொன்னார். அதை அப்படியே எழுதுகிறேன்.

"நாங்கள் பட்டதெல்லாத்திலையும் ஒண்டே ஒண்டுக்குத்தான் நான் கடவுளுக்கு நன்றி சொன்னனான். இனி அந்தச் சத்தம் உமக்குக் கேக்காது எண்டதுக்கு. வண்டெண்டு நான் வாயைத் திறந்தால் உமக்குத் திரும்பவும் கேக்கத் தொடங்கிப்போடும். அதுதான் சொல்லேல்லை."

அழுதேன் தம்பி. அவரும் அழுதார். ஜெகதீஸ்வரி அக்கா வேலியடிக்கு வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டா.

அச்சகத்துக்கு எழுதினேன், இனிப் பக்கங்கள் கொஞ்சம் பிந்தி வரும் என்று. பிந்தினாலும் பிழையில்லாமல் வந்தால் போதும், ஓகஸ்டில் நிரந்தரம் என்று பதில் வந்தது. பானில்லாத அந்தச் சின்னதை வியாழன் வானில் அனுப்பு. கறுப்பை அத்தான் துணியில் சுற்றி வைத்திருக்கிறார், நானாவிடம் தானே கொடுப்பாராம்.

காது போன நாளிலிருந்து எல்லோரும் எனக்காக அழுதார்கள். அம்மா அழுதா, நீ அழுதாய், பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். அந்தக் காது போனதற்கே நன்றி சொல்லிக்கொண்டு ஒருவர் பதினாறு வருடம் என் பக்கத்திலேயே இருந்திருக்கிறார், எனக்கு ஒரு வார்த்தையும் தெரியவில்லை.

வியாழனை மறந்துவிடாதே.

அக்கா